அலமாரிக்கு உள்ளே மட்டும் வேறு நிறம் அடிக்கலாமா?

வீடு முழுக்க வெள்ளை, படுக்கையறைச் சுவர் அலமாரியின் உட்புறம் மட்டும் மயில் நீலம் அடித்தால் எடுபடுமா, என்ன பெயின்ட் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக அடியுங்கள். கதவைச் சாத்தினால் தெரியப்போவதில்லை, பிடிக்காவிட்டால் மாற்றவும் அதிகச் செலவில்லை. ஒரே சிக்கல், அடர் நிறம் வெளிச்சத்தை விழுங்கும். ஆழமான அலமாரியில் கறுப்புப் பேன்ட்டைத் தேட டார்ச் அடிக்க வேண்டியிருக்கும். எல்இடி பட்டை ஒட்டும் எண்ணம் இல்லையென்றால் நான் மாம்பழ மஞ்சளைத்தான் சொல்வேன்.

நிறத்தைவிட பெயின்ட் வகை முக்கியம். அலமாரி என்றதும் பலரும் எண்ணெய் எனாமலைக் கேட்டு வாங்குவார்கள். வெள்ளை எனாமல் வெயிலில் மஞ்சளாகும் என்று நினைப்போம்; உண்மையில் வெளிச்சம் படாத இருட்டில்தான் அது அதிகம் மஞ்சளிக்கும். மூடிய அலமாரிக்கு அது தோதுப்படாது. தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் எமல்ஷனில் அந்தத் தொல்லை இல்லை, வாடையும் குறைவு. டிஸ்டெம்பர் வேண்டவே வேண்டாம், துணியில் மாவு மாதிரி ஒட்டும்.

தட்டுகள் கடப்பா கல்லாக இருந்தால் அவற்றை அப்படியே விடுங்கள். வழவழப்பான கல்லில் பெயின்ட் சீக்கிரம் உரியும். மஞ்சளுக்கு நடுவே அந்தக் கறுப்பு நன்றாகவே இருக்கும். பின்பக்கம் குளியலறைச் சுவர் என்றால் முதலில் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்தப் பெயின்ட்டும் கொப்புளித்துவிடும்.

அப்புறம், தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே துணியை அடுக்காதீர்கள். முழுதாக இறுக 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை முடிந்தமட்டும் கதவு திறந்தே இருக்கட்டும்.