கோல்ஃப் மட்டை வாங்கும் முன்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

மட்டை பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில் என்பதால், வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இடம், வலம் என்று வரும் இடங்களில் வலக்கை ஆட்டக்காரரையே மனத்தில் கொண்டிருக்கிறேன். இடக்கையர் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

கேள்வி (கோயம்புத்தூர்): வயது நாற்பத்தைந்து. சில மாதங்களாக டிரைவிங் ரேஞ்சில் பயிற்சி எடுக்கிறேன். பதினான்கு மட்டைகள் கொண்ட முழு செட்டை வாங்கிவிடச் சொல்கிறார்கள். வாங்கலாமா ஐயா?

வேண்டாம். பதினான்கு என்பது விதி அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கையே தவிர, ஆடுவதற்குத் தேவையான எண்ணிக்கை அன்று. இருபது, இருபத்தைந்து மட்டைகளை, மட்டைப் பை சுமக்கும் கேடியின் தோளில் ஏற்றிக்கொண்டு போனவர்களைக் கட்டுப்படுத்தவே அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1938இல் அந்த வரம்பைக் கொண்டுவந்தது. உங்களுக்கு இப்போது தூரத்துக்கு ஒரு 5 வுட், வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஒரு ஹைப்ரிட், இரும்புத் தலை கொண்ட 7 அயர்ன், 9 அயர்ன், குறுகிய தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ், மணலிலிருந்து எடுக்க சாண்ட் வெட்ஜ், குழியை நோக்கி உருட்ட பட்டர் ஆகிய ஏழு போதும். மிக நீண்ட தூரத்துக்கான டிரைவரைக் கடைசியில் வாங்குங்கள். பந்தில் படும் முகப்பின் பின்சாய்வுக் கோணமான லாஃப்ட் குறையக் குறைய, முகப்பு சற்றே வலப்பக்கம் திறந்திருந்தாலும் பந்து வலப்பக்கம் வளைந்தோடுவது அதிகமாகும். பயிலும் காலத்தில் அந்த மட்டை கற்றுத்தருவதை விடக் கலங்கடிப்பதே அதிகம்.

அயர்ன்களில் பின்புறம் குழிந்த கேவிட்டி பேக் வகையைத் தேர்ந்தெடுங்கள். பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம், எடையை முகப்பின் நடுவிலிருந்து விலக்கி ஓரங்களுக்குக் கொண்டுபோனால், பந்து நடுவில் படாதபோதும் மட்டை முறுக்கிக்கொள்வது குறையும் என்று கண்டார். இன்று தொடக்கநிலை அயர்ன்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் செய்யப்படுகின்றன. மெல்லிய பிளேடு வகை அயர்ன் பார்க்க அழகாக இருக்கும். கடைக்காரரும் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

கேள்வி (சென்னை): மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கிருந்து வரும்போது புதிய அயர்ன் செட் வாங்கிவருவதாகச் சொல்கிறான். என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எந்த நிறுவனத்தின் மட்டையை வாங்கிவரச் சொல்லட்டும்?

நிறுவனத்தின் பெயரைச் சொல்லும் முன் உங்கள் அளவுகளைச் சொல்லி அனுப்புங்கள். முக்கியமானவை மூன்று: மட்டையின் தண்டான ஷாஃப்டின் நீளம், அதன் எடையும் வளையும் தன்மையும், தண்டு தரையோடு அமைக்கும் லை கோணம் எனப்படும் சாய்வு.

நீளத்தை உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆடும் காலணியை அணிந்து நிமிர்ந்து நின்று, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். உயரமானவருக்குக் கைகளும் நீளமாக இருந்தால் வழக்கமான நீளமே பொருந்தும். குட்டையானவருக்குக் கைகளும் குட்டையாக இருந்தாலும் அப்படியே.

பலரும் பொருட்படுத்தாமல் விடுவது லை கோணம். பந்தை அடிக்கும் கணத்தில் மட்டைத் தலையின் நுனி (தண்டுக்கு எதிர்முனை) தரையிலிருந்து எழும்பி நின்றால் பந்து இடப்பக்கம் போகும். குதிப்பகுதி (தண்டு சேரும் முனை) எழும்பினால் வலப்பக்கம் போகும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. அழியக்கூடிய மையால் பந்தின் மீது ஒரு கோடு வரைந்து, அது செங்குத்தாக நின்று முகப்பைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகப்பில் பதியும் கோடு நேராக நின்றால் கோணம் சரி. அதன் மேல்முனை மட்டையின் நுனிப்பக்கம் சாய்ந்தால் மட்டை உங்களுக்கு அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. குதிப்பக்கம் சாய்ந்தால் அதிகமாகப் படுத்திருக்கிறது. உங்கள் உயரத்தில் பலருக்கு முதல் வகைக் குறைதான் வருகிறது. அவர்கள் அதை மட்டையின் குறை என்று அறியாமல், பந்து இடப்பக்கம் போகிறதே என்று பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். அடித்துருவாக்கிய அயர்ன்களை இரண்டு பாகை வரை வளைப்பது எளிது. வார்ப்பு அயர்ன்களில் சில வளையும், சில உடையும். ஆகவே வாங்கும்போதே கோணத்தைச் சொல்லி வாங்குவது நல்லது.

நீங்கள் சென்னையில் ஏதாவது ஒரு 7 அயர்னால் இந்தச் சோதனையைச் செய்து, விடையை மகனுக்கு அனுப்பினால், அதன் பிறகு எந்த முன்னணி நிறுவனத்தின் மட்டையும் உங்களுக்கு ஒத்துவரும்.

கேள்வி (கொழும்பு): கணவரின் பழைய மட்டைகளால் ஆடிவருகிறேன். பெண்களுக்கென்று விற்கப்படும் செட்டைத்தான் வாங்க வேண்டுமா?

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம். உங்கள் வீச்சின் வேகத்தைப் பார்த்து வாங்குங்கள். ஷாஃப்டின் மீது எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று வளைவைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கும்; எல் மிக நெகிழ்வானது, எக்ஸ் மிக விறைப்பானது. ஆனால் இவற்றுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவு கிடையாது. ஒருவருடைய ஆர் மற்றொருவருடைய எஸ் அளவுக்கு விறைப்பாக இருப்பதுண்டு. எழுத்தை விட எடை முக்கியமானது. கணவரின் அயர்ன்களில் எஃகு ஷாஃப்ட் இருந்தால் அது மட்டுமே நூறு கிராமுக்கு மேல் இருக்கலாம். ஐம்பது, அறுபது கிராம் கிராஃபைட் ஷாஃப்டுக்கு மாறினாலே உங்கள் அடியின் உயரமும் தூரமும் மாறுவதைக் காண்பீர்கள். நன்றாக ஓங்கி வீசும் பெண்களுக்கு எல் எழுத்து ஷாஃப்ட் அளவுக்கு மீறி வளைந்து பந்தைச் சிதறடிக்கும். அவர்கள் ஏ அல்லது ஆர் எழுத்துக்குத் தயங்காமல் போகலாம். மெதுவாக வீசும் ஆண்களுக்கும் இதே அறிவுரைதான், ஆனால் அவர்கள் கேட்பதில்லை.

கேள்வி (பெங்களூரு): ஆண்டுதோறும் புதிய டிரைவர் வருகிறது, ஆண்டுதோறும் கூடுதல் தூரம் என்கிறார்கள். என்னுடையது ஆறு ஆண்டு பழையது. மாற்ற வேண்டுமா?

டிரைவர் தலையின் கனஅளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. முகப்பு பந்தை உந்தித்தள்ளும் திறனுக்கும் வரம்பு உண்டு. தரமான டிரைவர்கள் அந்த எல்லையைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே முகப்பின் நடுவில் பட்ட அடிக்கு உங்கள் ஆறு ஆண்டுப் பழைய டிரைவரும் இந்த ஆண்டு டிரைவரும் ஏறக்குறைய ஒரே தூரத்தைத்தான் தரும். உண்மையான முன்னேற்றம் ஓரத்தில் படும் அடிகளில்தான் நடந்திருக்கிறது. நீங்கள் அடிக்கடி ஓரத்தில் அடிப்பவராக இருந்தால் மாற்றுவதில் பொருளுண்டு. அதற்கு முன் லாஃப்டைப் பாருங்கள். 9 பாகை டிரைவரை வைத்துக்கொண்டு பந்து எழும்பவில்லை என்று வருந்துபவர்கள் 10.5 அல்லது 12 பாகையில் அடித்துப் பார்க்க வேண்டும். இப்போதைய பல டிரைவர்களில் ஷாஃப்ட் சேரும் இடத்தில் திருகிச் சரிசெய்யும் வசதி இருப்பதால், கையிலுள்ளதிலேயே ஓரிரு பாகை கூட்டிப் பார்க்க முடியும்.

கேள்வி (சிங்கப்பூர்): புதிய அயர்ன் வாங்கியதும் 7 அயர்ன் பதினைந்து கெஜம் கூடுதலாகப் போகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் நூறு கெஜத்தில் அடிக்க என்னிடம் மட்டை இல்லாமல் போய்விட்டது. ஏன்?

ஏனெனில் எண்ணை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு லாஃப்டைக் குறைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் 7 அயர்னின் லாஃப்ட் ஏறத்தாழ 35 பாகையாக இருந்தது. இன்று தூரத்துக்கென விற்கப்படும் மாடல்களில் அது 28 முதல் 30 வரை இறங்கிவிட்டது. அதாவது உங்கள் புதிய 7 அயர்ன், உங்கள் தந்தையார் காலத்து 5 அயர்ன். முழுவதும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. எடையைத் தலையின் அடியில் இறக்கியிருப்பதால் குறைந்த லாஃப்டிலும் பந்து உயரமாகவே எழும்புகிறது.

சிக்கல் செட்டின் கீழ்முனையில் வருகிறது. பழைய பிட்சிங் வெட்ஜ் 48 பாகை. புதியது 43 அல்லது 44. சாண்ட் வெட்ஜோ அன்றும் இன்றும் 54 முதல் 56 வரைதான். நடுவில் பன்னிரண்டு பாகை இடைவெளி விழுந்துவிட்டது. உங்கள் நூறு கெஜ அடி அந்த இடைவெளியில்தான் காணாமல் போயிருக்கிறது. 49 அல்லது 50 பாகையில் ஒரு கேப் வெட்ஜ் வாங்குங்கள். பொதுவாக வெட்ஜ்களுக்கிடையே நான்கு முதல் ஆறு பாகை வரை இடைவெளி இருந்தால், தூரங்கள் பத்துப் பதினைந்து கெஜ வித்தியாசத்தில் படிப்படியாக அமையும். எந்த அயர்ன் செட்டை வாங்கினாலும் எண்களைப் பார்க்காமல், நிறுவனம் தரும் லாஃப்ட் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கேள்வி (சென்னை): வெட்ஜ் மீது 56, அதன் பக்கத்தில் 8 அல்லது 12 என்று இருக்கிறது. இரண்டாவது எண் எதைக் குறிக்கிறது?

அது பவுன்ஸ்: மட்டையின் அடிப்பாகம் முன் விளிம்பை விட எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் கோணம். பவுன்ஸ் அதிகமானால் மட்டை மண்ணைக் கிழித்து உள்ளே போகாமல் வழுக்கி மேலே வரும். 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற ஜீன் சாரசன், பழைய நிப்ளிக் மட்டையின் அடியில் ஈயப்பற்று வைத்துத் தடிப்பாக்கிய உத்தியே இன்றைய சாண்ட் வெட்ஜுக்கு மூலம். மிருதுவான மணலுக்கும் மழையில் ஊறிய புல்தரைக்கும் 12 பொருந்தும். கோடையில் காய்ந்து இறுகிய தரையில் அதே 12 தட்டி எழும்பி, பந்தின் வயிற்றில் இடிக்கும். அங்கே 8 அல்லது அதற்கும் குறைவு வசதி. நீங்கள் ஆடும் இடத்தின் பங்கரில் (மணல்குழியில்) மணல் குறைவாகவும் அடித்தரை கடினமாகவும் இருந்தால், புத்தகங்கள் என்ன சொன்னாலும் குறைந்த பவுன்ஸையே எடுங்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): பயன்படுத்திய மட்டைகளை இணையத்தில் வாங்குவது பாதுகாப்பா? போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பயன்படுத்திய அயர்ன்களை நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். எஃகுத் தலை எளிதில் கெடுவதில்லை. வாங்கும் முன் அடிப்பாகத்தின் தேய்மானத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகப்பில் உள்ள பள்ளங்களின் விளிம்பு மழுங்கியிருந்தால் அந்த வெட்ஜை விட்டுவிடுங்கள், சுழற்சி கிடைக்காது. கிராஃபைட் ஷாஃப்டை நகத்தால் நெருடிப் பாருங்கள். பையின் விளிம்பில் உரசி இழை வெளிப்பட்டிருந்தால் அது ஒரு நாள் வீச்சின் நடுவில் முறியும். வெட்ஜ் எந்த ஆண்டு மாடல் என்றும் கேளுங்கள்: பள்ளங்களின் கூர்மையைக் குறைக்கும் விதி 2010இல் நடைமுறைக்கு வந்ததால், அதற்கு முந்தைய சில வெட்ஜ்கள் இன்று போட்டிகளில் செல்லாமல் போகக்கூடும்.

போலியைப் பொறுத்தவரை, நடப்பு ஆண்டு மாடல் பாதி விலைக்குக் கிடைத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஷாஃப்ட் சேரும் கழுத்தில் தொடர் எண் இருக்கிறதா, அதை நிறுவனம் உறுதிப்படுத்துகிறதா என்று பாருங்கள். எழுத்துகளின் வண்ணப்பூச்சு, தலைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவிலுள்ள வளையத்தின் பொருத்தம், செட்டிலுள்ள அயர்ன்களின் நீளம் சீராகக் குறைகிறதா என்பவற்றையும் கவனியுங்கள். டைட்டானிய முகப்பு என்று விளம்பரம் செய்யப்பட்ட டிரைவரின் முகப்பில் காந்தம் ஒட்டினால் அது டைட்டானியம் அன்று.

கேள்வி (மதுரை): ஒன்பது வயது மகளுக்கு என் பழைய அயர்ன்களை வெட்டிக் குறைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. நீளத்தைக் குறைத்தாலும் தலையின் எடை குறையாது. வெட்டிய ஷாஃப்ட் முன்னிலும் விறைப்பாகும். அதைத் தூக்கி வீசும் குழந்தை உடலை வளைத்துப் பிடிக்கும் பழக்கங்கள் பின்னால் எளிதில் போவதில்லை. உயரத்தை வைத்து அளவிடும் சிறுவர் மட்டைகள் கிடைக்கின்றன. நான்கைந்து மட்டைகள் உள்ள செட் போதும். வளர்ந்ததும் அடுத்த குழந்தைக்கு விற்றுவிடலாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): விலையுயர்ந்த பந்தால் என் ஆட்டம் மாறுமா?

யூரித்தேன் உறையுள்ள பந்துகள், குழி இருக்கும் கிரீனருகே அதிகமாகச் சுழன்று விரைவில் நிற்கும். அயனோமர் உறையுள்ளவை உழைக்கும், விலையும் குறைவு. ஒரு சுற்றில் மூன்று பந்துகளைத் தண்ணீரில் விடும் நிலையில் இருப்பவருக்கு இரண்டாம் வகையே சரி. எதை எடுத்தாலும் சிப்பிங் (கிட்டத்திலிருந்து சற்றே தூக்கி அடிப்பது), பட்டிங் (குழியை நோக்கி உருட்டுவது) இரண்டையும் அதே மாடலில் பழகுங்கள். சுற்றுக்குச் சுற்று மாடல் மாறினால் தூரத்தைக் கை கற்றுக்கொள்ளாது.

கேள்வி (சென்னை): ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடப்போகிறேன். அதற்கென மட்டைகள் மாற்ற வேண்டுமா?

மட்டையை மாற்ற வேண்டாம், கணக்கை மாற்றுங்கள். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து கூடுதல் தூரம் போகும். சென்னையில் 7 அயர்ன் எடுக்கும் இடத்தில் 8 அயர்னிலிருந்து தொடங்குங்கள். ஆனால் குளிர் அந்த ஆதாயத்தில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், குறிப்பாகக் காலை நேரத்தில். தூரம் அளக்கும் லேசர் கருவி வைத்திருந்தால், மேடுபள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியைப் போட்டி நாளில் அணைத்துவிடுங்கள். தூரத்தை மட்டும் அளப்பதை விதி அனுமதிக்கிறது. சரிவைச் சேர்த்துச் சொல்வதை அனுமதிப்பதில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): மழைக்காலத்தில் கிரிப் (மட்டையின் கைப்பிடி உறை) வழுக்குகிறது. கையுறை மட்டும் மாற்றினால் போதுமா?

முதலில் கிரிப்பை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்திப் பாருங்கள். பாதி வழுக்கல் அழுக்கால் வருவதுதான். அதன் பிறகும் பளபளப்பாகவே இருந்தால் ரப்பர் இறுகிவிட்டது. நூலிழை கலந்த கிரிப்புக்கு மாறுங்கள், கையுறையையும் இரண்டாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கிரிப்புகள் முழுவதையும் மாற்றினால் ஆகும் செலவு, ஒரு புதிய டிரைவரின் விலையில் சிறு பகுதிதான்.