எல்லோரும் செய்தி வெளியிடும் காலத்தில் செய்தியாளர் எதற்கு? மலையகத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி: கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்தி வெளியிடுகிறார்கள். இனிப் பத்திரிகைத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா? அது இல்லாமல் போனால் ஜனநாயகத்துக்கு என்ன நட்டம்?

நட்டம் பெரிது. அது முதலில் எங்களைப் போன்ற இடங்களில்தான் தெரியும்.

நான் இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கொட்டகலைப் பக்கத்தைச் சேர்ந்தவன். கொழும்பிலிருந்து வெளிவரும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பல ஆண்டுகள் பிரதேச நிருபராகச் செய்தி அனுப்பினேன். பிரதேச நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்கு மட்டும் பணம். பஸ் செலவு நம்முடையது. அனுப்பிய பத்தில் எட்டு வெளிவராது. தோட்டத்துச் செய்தி வருவதற்கு ஒரு விபத்தோ, அமைச்சரின் வருகையோ வேண்டும். இந்த நிலையில் முகநூலும் வாட்ஸ்அப்பும் எங்கள் மக்களுக்கு எவ்வளவு பெரிய வரவு என்பதை மறுக்கவே மாட்டேன். லயம் எனும் தொழிலாளர் வரிசைவீட்டின் கூரை பறந்தால் அடுத்த நிமிடம் அது வெளியுலகம் அறியும் செய்தியாகிறது. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையுடன் கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டார்களே, எந்தத் தொழிற்சங்கமும் அவர்களை அழைத்துச் செல்லவில்லை. அவர்களைச் சேர்த்தது முகநூல்.

ஆகவே செய்தியை வெளியே கொண்டுபோகும் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. தீராமல் கிடப்பது வேறொன்று. மறுநாளும் அந்த இடத்துக்குப் போய், மூன்று மாதம் கழித்து மீண்டும் போய், என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

சம்பள விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே தினத்தன்று இங்கே கொட்டகலைக் கூட்டத்தில், அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார். அன்று மாலைக்குள் அந்த எண் பொறித்த படங்கள் எல்லாத் தொலைபேசிகளிலும் இருந்தன. நன்றி சொல்லும் பதாகைகள், தலைவர்களின் படங்கள், பட்டாசுக் காணொளிகள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தச் செய்தி பாதிப் பேரைக்கூட எட்டவில்லை. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்த முடிவில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். அதற்கு மேல் கிடைப்பது கூடுதலாகப் பறிக்கும் கொழுந்தைப் பொறுத்ததாக இருந்தது. மலையில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் கேட்டால் இன்னும் நுணுக்கமான கணக்கு வரும்: ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோ எத்தனை, அது எப்போது கூட்டப்பட்டது, குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுகிறார்களா, மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறார்கள். 1,700 என்ற எண் பொய் என்று சொல்ல முடியாது. அது அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் அன்று அவள் கையிலிருந்த சம்பளச் சீட்டில் அந்த எண் இல்லை. அறிவிப்புக்கும் சம்பளச் சீட்டுக்கும் இடையில் நடந்ததைத் தேடி எழுதுவதைத்தான் நான் பத்திரிகைத் தொழில் என்கிறேன். பகிர்வு எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அதற்கு மதிப்பே கிடையாது.

இதைவிடக் கொடிய உதாரணமும் எங்களிடம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. நாட்டின் எல்லாக் கமராக்களும் அங்கே வந்தன. முதல் நாள் சொல்லப்பட்ட இறப்பு எண்ணிக்கைக்கும் பின்னர் உறுதியானதற்கும் இடையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. அதைக்கூட அவசரம் என்று பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என்னவென்றால், அந்தச் சரிவு ஆபத்தானது என்று, மண்சரிவு அபாயத்தை ஆராயும் அரசின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. கோப்பில் கிடந்த அந்த எச்சரிக்கையை யாராவது ஆண்டுதோறும் எடுத்து, "மக்களை ஏன் இன்னும் மாற்றவில்லை?" என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்திருந்தால்? 2025 நவம்பரில் தித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகள் மீண்டும் அதே கேள்வியை எழுப்பின. அந்த நாட்களில் மின்சாரமும் தொலைபேசி வலையமைப்பும் இல்லாமல் தோட்டங்கள் துண்டிக்கப்பட்டுக் கிடக்க, வெளியே இருந்தவர்களின் தொலைபேசிகளில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களும் பழைய காணொளிகளும் ஓடிக்கொண்டிருந்தன. கட்டாரிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்யும் தாய்மார் எந்தக் காணொளியை நம்புவது என்று தெரியாமல் தவித்தார்கள். ஒரு செய்தியாளர் நேரில் போய்ப் பார்த்து, "இந்தத் தோட்டத்தில் இன்னார் உயிரோடு இருக்கிறார்கள்" என்று சொல்வதன் அருமை அப்போது புரியும்.

ஜனநாயகத்துக்கு வருகிறேன். எங்களுக்கு அது தானாக வந்த வரமன்று. 1947 தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் வாக்குரிமைத் திருத்தமும் வந்து, எங்களில் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952இல் அந்த வரிசையில் ஒருவரும் இல்லை. நாடற்றவர் பிரச்சினையை முடிக்கும் சட்டத்துக்கு 2003 வரை காத்திருந்தோம். வாக்கு கிடைத்த பிறகும் ஒரு மூலையில் தடை இருந்தது. உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகளுக்குரிய 1987ஆம் ஆண்டின் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. அதன் காரணமாகத் தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே, தோட்டத்துப் பாதைக்கும் தண்ணீருக்கும் பணம் செலவிட முடியாமல் நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள்! இதைப் படம் பிடிக்க முடியாது, காணொளியாக ஓடாது. ஒரு சட்டப் பிரிவைப் பற்றிச் சலிக்காமல் எழுதியும் பேசியும் வந்த சிலரால்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது.

தோட்டத் தொழிலாளருக்காகச் சங்கம் அமைத்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் அவர் புடவை வியாபாரிபோல உள்ளே போய் நிலைமையை நேரில் பார்த்தார்; 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று 1920களிலேயே பத்திரிகை நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் அதே விடயங்களைப் பாட்டாகத் தொழிலாளரிடம் கொண்டுபோனார். முதலில் நேரில் பார்த்தல், பிறகு எழுதுதல், பிறகு வாசிக்கத் தெரியாதவரின் காதுக்கும் சேர்ப்பித்தல். இந்த மூன்றில் கடைசியை இன்று தொலைபேசி நன்றாகவே செய்கிறது. முதலாவதை அது செய்யாது.

அரசாங்கங்கள் இணையத்தைக் கையாளும் விதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனயில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது முகநூலில் வெறுப்புப் பரவியது உண்மை. அந்த நிறுவனமே 2020இல் வருத்தம் தெரிவித்தது. அரசு செய்தது ஒரு வாரம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் அதே பூட்டு. 2024இல் இணையத்தில் வெளியிடப்படுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது; எது பொய் என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழு, ஐந்து ஆண்டு வரை சிறை. கொழும்பிலுள்ள பெரிய ஊடகத்துக்குச் சட்டத்தரணி இருக்கிறார். மஸ்கெலியாவில் தனியாக ஒரு முகநூல் பக்கம் நடத்தும் இளைஞருக்கு யார் இருக்கிறார்கள்? அவர் எழுதுமுன்பே கை நடுங்கும். வதந்திக்கு மாற்று, நம்பகமான உள்ளூர்ச் செய்தி வேகமாகக் கிடைப்பதுதான். பூட்டு அதையும் சேர்த்தே அடைக்கிறது.

பணம் எங்கிருந்து வரும்? இதுதான் உண்மையான கேள்வி. விளம்பரம் கூகுளுக்கும் முகநூலுக்கும் போய்விட்டது. 2022 நெருக்கடியில் அச்சுக் காகிதம் கிடைக்காமல் சில பத்திரிகைகள் சில பதிப்புகளின் அச்சை நிறுத்தின. தோட்டத் தொழிலாளியை நோக்கி விளம்பரம் செய்ய எந்த நிறுவனமும் விரும்பியதில்லை, இனியும் விரும்பாது. ஆனால் எங்கள் மக்களிடம் ஒரு பழக்கம் தலைமுறைகளாக உண்டு: சந்தா. தமக்காகப் பேச ஓர் அமைப்பு வேண்டும் என்று, வாங்கும் சொற்பச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கொடுத்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தை ஒரு சிறு மலையகச் செய்தித் தளத்துக்குத் திருப்ப முடியும் என்று நம்புகிறேன். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருப்போரும் சேர்ந்தால் இரண்டு மூன்று முழுநேரச் செய்தியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை: சந்தா வாசகரிடமிருந்து நேராக வர வேண்டும். சங்கத்தின் வழியாக வந்தால் அது சங்கத்தின் பத்திரிகையாகிவிடும்; அப்படிப் போனவை இங்கே ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.

அது அமையும்வரை, பக்கம் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் தகவல் அலுவலர் இருக்கிறார். உங்கள் லயத்துக்கு மேலேயுள்ள சரிவைப் பற்றி ஆய்வறிக்கை இருக்கிறதா, இருந்தால் அதன் பிரதி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுத் திட்டப் பயனாளிகள் எந்த அடிப்படையில் தெரிவானார்கள் என்று கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பலனில்லையென்றால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கிடைத்த பதிலை, கையொப்பமும் திகதியும் தெரியும்படி, அப்படியே உங்கள் பக்கத்தில் போடுங்கள்.