பந்து கிடைத்ததும் ஓங்கி உதைத்துவிடும் சிறுவர்களுக்குப் பாஸ் கொடுத்து ஆட எப்படிப் பழக்குவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். முதல் ஆண்டு அவர்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிறுத்தி, ஆளுக்கு ஐம்பது பாஸ் போட வைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் அதே பிள்ளைகள் பந்தை ஈயாக மொய்த்தார்கள். காலில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை. தவறு என்னுடையது. பறிக்க வரும் ஆள் இல்லாமல் பழகினால் கால்தான் பழகும், கண் பழகாது.

இப்போது ரோன்டோ என்ற வட்டப் பாஸ் விளையாட்டில்தான் தொடங்குகிறேன். எட்டு மீட்டர்ச் சதுரம். பக்கத்துக்கு ஒருவராக நால்வர், நடுவில் பந்தைப் பறிக்க ஒருவர். யாருடைய பாஸ் பறிபோகிறதோ அவர் நடுவே வர வேண்டும். 1970களில் லாரியானோ ருயிஸ் என்ற பயிற்சியாளர் ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பின் இளையோர் அணிகளுக்குள் கொண்டுவந்த முறை இது. 1988இல் பயிற்சியாளராக வந்த யோஹான் கிரைஃப் இதை அன்றாடப் பழக்கமாக்கினார். பாஸுக்குப் பேர்போன பார்சிலோனா வீரர்கள் ஷாவியும் இனியெஸ்டாவும் இதில் ஊறி வளர்ந்தவர்கள். “விளையாடியது போதும், பயிற்சி எப்போது சார்?” என்று ஒரு தந்தை கேட்டார்!

பாஸை அல்ல, பாஸ் வருவதற்கு முந்தைய நொடியைக் கவனியுங்கள். பந்தும் மைதானமும் ஒருசேரத் தெரியும்படி உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி நின்று, பந்து வரும் திசைக்குத் தள்ளியிருக்கும் காலால் வாங்க வேண்டும். அருகிலுள்ள காலால் நிறுத்தினால் வந்த வழியே திருப்பிக் கொடுக்கத்தான் முடியும். இந்த ஒன்றுக்கே எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பந்து ஒருவனை நோக்கி உருளும்போது எதிர்மூலையில் நின்று விரல்களை உயர்த்துவேன். எத்தனை என்று சொல்லிவிட்டுத்தான் அவன் பந்தைத் தொட வேண்டும். முதல் வாரம் பாதிப் பந்துகள் வெளியே ஓடின.

பந்து தங்கவே இல்லையென்றால் சதுரத்தைப் பெரிதாக்குங்கள். எளிதாகிவிட்டால் நடுவில் இன்னொருவரை விடுங்கள். ஒரே தொடுகையில் கொடுக்க வேண்டும் என்ற விதி இப்போதைக்கு வேண்டாம். எங்கள் மைதானத்தில் கல் தட்டிப் பந்து முழங்காலுக்கு எழும்பும். அங்கே அந்த விதி வெறும் தண்டனை.

போட்டியின்போது கோட்டருகே நின்று “பாஸ், பாஸ்” என்று கத்தாதீர்கள். எப்போது கொடுப்பது, எப்போது வெட்டிக்கொண்டு போவது என்று அவனே முடிவெடுக்கட்டும். சில கோல்கள் வாங்குவீர்கள், நாங்களும் வாங்கினோம்.

பந்தின் அளவையும் பாருங்கள். நான் முதலில் ஐந்தாம் எண் பந்தைக் கொடுத்திருந்தேன். அந்தக் கனத்தை நகர்த்தச் சிறு கால்களுக்கு ஓங்கி உதைக்கத்தான் தோன்றும். இந்த வயதுக்கு நான்காம் எண் போதும்.