கிருணா - நார்விக் தாது ரயில்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஸ்வீடன்ல இருக்குற கிருணா சுரங்கத்துலேர்ந்து நார்வேல இருக்குற நார்விக் துறைமுகத்துக்கு இரும்புத் தாது கொண்டு போற ரயில் லைன் இது. இந்த லைன்ல மூணு தடவ போயிருக்கேன், ஒவ்வொரு கேள்வியா வாங்க.

அண்ணா, சுரங்கம் ஸ்வீடன்ல இருக்கு, தாது ஏன் நார்வே துறைமுகத்துக்கு போகுது? அவங்களுக்கும் கடல் இருக்கே?

இருக்கு தம்பி, ஆனா அந்தப் பக்கம் லூலியோ துறைமுகம் குளிர்காலத்துல உறைஞ்சிடும். நார்விக் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேல இருந்தும் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீரோட்டத்தால உறையாது, வருஷம் பூரா கப்பல் வரலாம். அதுக்காகத்தான் மலையக் குடைஞ்சாங்க. 1880கள்ல ஆரம்பிச்ச இங்கிலீஷ் கம்பெனி 1889ல திவாலாச்சு, அப்புறம் ரெண்டு அரசாங்கமும் கட்டி முடிச்சு 1903 ஜூலைல ராஜா ரெண்டாம் ஆஸ்கர் திறந்து வச்சாரு. அப்போ ரெண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா, 1905ல நாடு பிரிஞ்சிடுச்சு, லைன் மட்டும் பிரியல.

எறங்குறப்ப கரண்ட் தயாரிக்குதாமே, நெஜமாவா?

நெஜம்தாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான். ஒரு வண்டில 68 வேகன், வேகனுக்கு 100 டன் தாது, எல்லாம் சேத்து சுமார் 8,600 டன், நீளம் முக்கா கிலோமீட்டர். எல்லைல 500 மீட்டருக்கு மேல இருந்து நாப்பது சொச்சம் கிலோமீட்டர்ல கடல்கிட்ட வந்துடணும். இவ்ளோ வெயிட்ட வெறும் பிரேக் கட்டைய வச்சு புடிச்சா சக்கரம் கொதிச்சிடும், அதனால மோட்டாரையே ஜெனரேட்டரா ஓட விடுறாங்க, அந்தக் கரண்ட் மேல இருக்குற ஒயருக்குத் திரும்பப் போகுது, எதிர்ல ஏறுற காலி வண்டி எல்லை வரைக்கும் போக கிட்டத்தட்ட அதுவே போதும். மலை மேல இருக்குற தாதுவோட கனமே காலி வண்டிய மேல இழுக்குதுன்னு நெனச்சுப் பாருங்க! ஒருவாட்டி எங்க வண்டிய ஓரங்கட்டி இத கடக்க விட்டாங்க, எண்ணிட்டே இருந்தேன், 68 முடியுற வரைக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துட்டே இருந்துச்சு. ஸ்டேஷன் ஓரத்துல ஒரு தாது உருண்டை கெடந்துச்சு, கோலிகுண்ட விட சின்னது, கைல எடுத்தா அந்த சைஸுக்கு அப்படியொரு கனம்.

எப்பலேர்ந்து கரண்ட்ல ஓடுது?

ஸ்வீடன் பக்கம் 1915, நார்விக் வரைக்கும் 1923.

ஒத்த லைன்தானா சார்?

ஆமாங்க, எனக்கு இருக்குற பெரிய கவலையே அதான். 2023 டிசம்பர்ல ஒரு தாது வண்டி தடம் புரண்டு ரெண்டு மாசம் மூடிக் கெடந்துச்சு, திறந்த ஒரு வாரத்துக்குள்ள மறுபடி ஒண்ணு. ரெண்டாவது லைன் போட்டே ஆகணும்.

சுத்திப் பாக்கப் போனா எந்தப் பக்கம் உக்காரணும்?

கிருணால ஏறினா வலது பக்கம் புடிங்க. மொதல்ல தூர்னேத்ரெஸ்க் ஏரி, எல்லை தாண்டினதும் கீழ ஃபியோர்டு, அதாவது மலைங்களுக்கு நடுவுல நீளமா உள்ள வர்ற கடல். கால்ல தெம்பு இருந்தா கட்டரட்ல எறங்கிடுங்க, அந்த ஸ்டேஷனுக்கு ரோடே கிடையாது. லைன் போட்ட தொழிலாளிங்க நடந்த பழைய பாதை அங்கேருந்து ஃபியோர்டு வரைக்கும் எறங்குது, நல்ல ஷூ போட்டுக்கோங்க.