இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை: நீலகிரி வாசகர் கேள்விகள்

பொண்ணுக்கு ஏழு வயசு. ரொம்ப நாளா இரும்பு டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறவே இல்லை. ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்? (ஊட்டி)

எடுக்கலாம்மா, ஆனால் அதில் தொடங்க வேண்டாம். முதலில் ஃபெரிட்டின் (உடலில் சேமித்த இரும்பின் அளவைக் காட்டுவது), ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான சிவப்பணுக்களின் எண்ணிக்கை), ரத்த ஸ்மியர் (ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது), எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை) எடுங்கள். ஃபெரிட்டின் குறைவாகவோ இயல்பாகவோ இருந்து, டானிக்கும் ஒழுங்காகக் கொடுத்து, ரத்தம் ஏறவில்லை என்றால் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.6 ஜீனைப் பார்க்கலாம். அதில் பழுது இருந்தால் குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சாது. இரும்பை ரத்தநாளம் வழியாக ஏற்ற வேண்டிவரும். ஃபெரிட்டின் கூடியிருந்தால் டாக்டரிடம் கேட்டு டானிக்கை நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, உங்கள் ஊர் 2,240 மீட்டர் உயரம். அங்கே ஹீமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் கூடும். கீழே மேட்டுப்பாளையத்தில் 11 என்பதும் ஊட்டியில் 11 என்பதும் ஒன்றல்ல.

அரிவாள் செல் சோகைக்கும் ஜீன் டெஸ்ட் வேண்டுமா? (கூடலூர்)

பெரும்பாலும் வேண்டாம். எச்.பி.எல்.சி.யே சொல்லிவிடும். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952இல் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

தம்பிக்கு அடிக்கடி மஞ்சள் காமாலை, பித்தப்பையில் கல். மண்ணீரலை எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுக்கலாமா? (குன்னூர்)

கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கேள்விக்குத்தான் ஜீன் வரிசை பார்ப்பது உண்மையிலேயே உதவும். பரம்பரை ஸ்ஃபீரோசைட்டோசிஸ் (சிவப்பணுக்கள் உருண்டையாகி எளிதில் உடையும் நோய்) என்றால் மண்ணீரலை எடுத்ததும் பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் ஏறிவிடும். ஆனால் பீசோ1 ஜீன் பழுதால் வரும் ஸ்டொமாட்டோசைட்டோசிஸ் என்ற வேறொரு சிவப்பணு நோயிலும் இதே காமாலை, இதே கல், வீங்கிய மண்ணீரல், சிவப்பணுவில் ஹீமோகுளோபின் அடர்த்தியைக் காட்டும் எம்.சி.எச்.சி. கூட இரண்டிலும் உயரும். அதில் மண்ணீரலை எடுத்தால் ரத்தம் உறைந்து நுரையீரலிலும் கல்லீரல் நாளத்திலும் அடைக்கிற ஆபத்து மிக அதிகம். வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் ஸ்மியரும், சிவப்பணுவின் மேலுறையைச் சோதிக்கும் இ.எம்.ஏ. பரிசோதனையும் எந்த நோய் என்று தெளிவாகச் சொல்லாதவரை சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள். கோயம்புத்தூரிலோ வேலூரிலோ ஒரு ரத்தவியல் நிபுணரைப் பார்த்துவிட்டு வாருங்கள். செலவும் அலைச்சலும் எனக்குத் தெரியும், இருந்தும் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வந்திருக்கிறது. பயப்படணுமா? (கோத்தகிரி)

வேண்டாம். ஜீனில் ஒரு மாற்றம் இருக்கிறது, அது நோய் தருமா என்று இன்னும் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். அதை மட்டும் நம்பி சிகிச்சையையும் மாற்றாதீர்கள். அப்பா, அம்மா இருவர் ரத்தத்திலும் அதே இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

போன வாரம்தான் பையனுக்கு ரத்தம் ஏற்றினோம். இப்போது சாம்பிள் கொடுக்கலாமா? (பந்தலூர்)

ஜீன் டெஸ்டுக்குப் பெரும்பாலும் தடையில்லை, டி.என்.ஏ. வெள்ளணுக்களிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, ஏற்றிய தேதியை மட்டும் லேபில் சொல்லிவிடுங்கள். ஆனால் எச்.பி.எல்.சி.யிலும், சிவப்பணு நொதிகளைப் பார்க்கும் ஜி6பி.டி., பைருவேட் கைனேஸ் பரிசோதனைகளிலும் கொடையாளியின் சிவப்பணுக்கள் கலந்து முடிவு தப்பாக வரும். அவற்றுக்கு மூன்று மாதமாவது போகட்டும். அடுத்த முறை ஏற்றவேண்டி வந்தால், பாட்டிலை மாட்டும் முன்பே சாம்பிள் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.