சம்பளம் வாங்காத ஒரு வாட்டர் போலோ அணி உச்சத்தைத் தொட்டதுண்டா?

உண்டு. மான்செஸ்டர் நகரின் ஆஸ்போர்ன் நீச்சல் கழகம் 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் சார்பில் களமிறங்கி, அணிக்கு எழுவர் நீந்தியபடியே பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டமான வாட்டர் போலோவில் தங்கம் வென்றது. நாடெங்கும் தேர்ந்தெடுத்த வீரர்களைக் கொண்ட அணியாக அல்லாமல், ஒரே கழகத்தின் அணியாகவே அது சென்றது என்பதுதான் இங்கே முதன்மையாகக் கவனிக்க வேண்டியது.

இந்த எழுச்சிக்கு அடிப்படை பொதுக்குளியலகங்கள் என்பேன். பிரிட்டனின் 1846ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகள் பொதுப்பணத்தில் குளியலகங்களைக் கட்ட வழிவகுத்தது. சுகாதாரத்துக்காக எழுந்த அந்தக் கட்டடங்களின் நீச்சல் குளங்கள், மான்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களில், எளிய மக்களும் சேர்ந்து பயிலும் இடங்களாயின. பந்தைத் துல்லியமாகக் கடத்துவதும், எதிராளி எப்போது நகர்வான் என முன்கூட்டி உணர்வதும் நெடுநாள் ஒன்றாக ஆடியவர்களுக்கே கைகூடும். தனித்தனியே வேகமாக நீந்தத் தெரிந்த எழுவரை அவசரமாகக் கூட்டினால் அது வராது.

பாரிஸில் போட்டிக்கெனக் குளம்கூட இல்லை, சேன் ஆற்றில்தான் போட்டிகள் நடந்தன. இறுதியில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் அணியை ஆஸ்போர்ன் 7–2 என்ற கணக்கில் வீழ்த்தியது. அந்த எழுவரில் ஒருவரான ஜார்ஜ் வில்கின்சன், 1908, 1912 ஒலிம்பிக்குகளிலும் பிரிட்டன் அணியில் ஆடித் தங்கம் வென்றார்.

ஆகவே, புதிதாக அணி தொடங்க நினைப்பவர் நட்சத்திர வீரரைத் தேடுவதற்கு முன், வாரந்தோறும் தவறாமல் கிடைக்கும் ஆழமான குளம் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.