நாய்க்கும் நரம்பு டாக்டரா?

கேள்வி: என் மகள் எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்துவிட்டாள். கால்நடை மருத்துவம் படித்து, நரம்பியலில் ஆராய்ச்சி செய்து, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப்போகிறாளாம். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சிரிக்கட்டும் அம்மா, எங்கள் தோட்டத்து லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். அப்புறம் பக்கத்து வீட்டு நாய் பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதன் பாதத்தை மடக்கித் தரையில் வைத்தேன். நலமான நாய் சட்டென்று திருப்பி வைத்துக்கொள்ளும். இது அப்படியே நின்றது. கோளாறு எலும்பில் இல்லை, நரம்பில். ஸ்கேனுக்கு முன்னால் கையும் கண்ணும் என்பதைத்தான் மாணவர்களுக்கு இன்றும் முதலில் காட்டுகிறேன்.

செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு 5 ஆண்டு. நிபுணராக வேண்டுமென்றால் அதன் பிறகு பொதுப் பயிற்சி, மேலும் 3 ஆண்டு போல நரம்பியல் பயிற்சி, கடுமையான தேர்வு. பெரும்பாலும் வெளிநாடு போக வேண்டிவரும். ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டமும் வேண்டும். நீண்ட பாதைதான், மறைக்கவில்லை.

ஆனால் 1998–99இல் மலேசியாவில் நிப்பா கிருமி வந்ததே, நினைவிருக்கிறதா? பன்றிகளுக்கு இருமலும் வலிப்பும், அவற்றிடமிருந்து தொற்றிய மனிதர்களுக்கு மூளையழற்சி. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விலங்கின் மூளையை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

முதலில் மகளை ஒரு மாதம் உள்ளூர் கிளினிக்கில் கூண்டு கழுவ அனுப்புங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், விண்ணப்பம் போடலாம்.